இடது கன்னத்து வட்டம்

அத்தியாயம் பதினொன்று

காலையில் அக்கா கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தையல் பெட்டியில வெச்சது தையல் பெட்டியில இல்ல. இந்த வீட்டுல இருக்கிறதே மூணு பேர். நான் எடுக்கல. பட்டாணி எடுக்கலைங்கறா. மிச்சம் நீதான்."

"நான் எதுக்குக்கா எடுக்கப்போறேன்?"

"சலூனைப் பூட்டினவனாச்சே. ஊர்ல இருக்கிற கத்தரிக்கோலை எல்லாம் பறிமுதல் பண்றியோ என்னவோ."

அவன் டீயைக் குடித்தான்.

சனிக்கிழமை அந்தக் கடைக் கதவுக்கு சீல் வைத்தது அவன்தான். சுகாதார ஆய்வாளனின் வேலை அது. பள்ளியில் பதினான்கு குழந்தைகளின் தலையில் பூஞ்சை. வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, செதில் செதிலாகத் தோல் உரிந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குச் சீழ் கட்டி வீங்கி, அந்த இடத்தில் இனி முடியே முளைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெற்றோர் கூட்டத்தில் அத்தனை விரல்களும் எதிர்ப்பக்க சலூனைக் காட்டின. இரண்டு வாரத்துக்கு முன்பே அவன் குழந்தைகளின் தலையிலிருந்தும் கடைக் கருவிகளிலிருந்தும் மாதிரி எடுத்து அனுப்பியிருந்தான். முடிவு வருவதற்குள் கூட்டம் பொறுமை இழந்தது. கடையைப் பூட்டினான்.

சாவியை நீட்டியபோது சலூன் மாஸ்டர் கேட்டது ஒன்றுதான்: "உங்க பாப்பா நல்லா இருக்காளா சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் படியிறங்கியவனைத்தான் போன வாரம் தெருவில் விட்டோம்.

பட்டாணி மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. பிறந்தபோது இத்தனூண்டு இருந்ததால் அவள் அம்மா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவள் போய் எட்டு மாதம் ஆகிறது.

இடது கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்திருந்தாள்.

"கன்னத்துல கை வெக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அக்கா.

"கொசு கடிச்சிருக்கு அத்தை. அரிக்குது."

"போன வாரமும் அதே கொசுவா?"

"அப்பா, கையெழுத்துப் போடுங்க." பட்டாணி வீட்டுப்பாட நோட்டை நகர்த்தினாள்.

ஒரு மாதமாக அவள் அப்பாவை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுகிறாள். அதற்கு முன்பு வா, போதான். வளர்கிறாள், மரியாதை வருகிறது என்று அவன் நினைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். போன் அடித்தது.

பரிசோதனைக்கூட மேடம்.

"நீங்க அனுப்பின மாதிரியெல்லாம் தட்டுல நல்லா விளைஞ்சிருக்கு. பதினாலுல பன்னெண்டு. எல்லாத்துலயும் ஒரே ஆள்."

"யாரு?"

"பூனை மேல இருக்கிறவன். நாய்கிட்டயும் இருப்பான், ஆனா முக்கியமா பூனை. குட்டிப் பூனைன்னா இன்னும் குஷி அவனுக்கு."

"சலூன் சாமான்?"

"சீப்பு, மெஷின், துண்டு, ஒண்ணுலயும் இல்ல. என் சமையலறையைவிட அந்த மனுஷன் கடை சுத்தம். நீங்க பூனையைத் தேடுங்க."

அவன் போனை வைத்தபோது பட்டாணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கன்னத்தில் இன்னும் கை இருந்தது.

* * *

பள்ளியின் பாட்டு அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். அதைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, கதவைச் சாத்தி, ஊதா விளக்கைப் போட்டான். இந்த வகைப் பூஞ்சை பிடித்த முடி அந்த வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். மற்றதெல்லாம் இருட்டாகவே இருக்கும்.

குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

"அங்கிள், என் மூளை தெரியுதா?"

"கொஞ்சம்தான் தெரியுது."

"எங்க டீச்சரும் அதான் சொல்வாங்க."

மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பான். "வீட்டுல பூனை இருக்கா?" என்று கேட்டான்.

இல்லை. அடுத்தவனிடமும் இல்லை. பக்கத்து வீட்டில் உண்டு, ஆனால் அது கிட்டேயே வராது. அப்பாவுக்குத் தும்மல் வரும், அதனால் வாங்கவில்லை. பதினான்கு பேரில் பூனை வைத்திருப்பது ஒருத்திதான். அந்தப் பூனையும் பத்து வயதுக் கிழம், சோபாவை விட்டு இறங்காது.

சீழ் கட்டிய சிறுமி கடைசியாக வந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். அவிழ்க்கலாமா என்று கேட்டான். விளக்கை அணைத்தால் அவிழ்ப்பதாகச் சொன்னாள். விளக்கு இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. கண்ணை மூடிக்கொள்கிறேன், கையால் மட்டும் தொட்டுப் பார்க்கிறேன் என்றான். அதற்கு ஒத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். தாளில் மேலிருந்து பார்த்த தலையின் படம். படை இருக்கும் இடத்தில் பேனாவால் குறி. பதினான்கு தாளும் ஆனபின் ஜன்னல் காகிதத்தைக் கழற்றிவிட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கண்ணாடியில் வைத்து அழுத்தினான். பகல் வெளிச்சம் அத்தனை தாளையும் ஊடுருவி வந்தது.

குறிகள் சிதறியிருக்கவில்லை. நெற்றி விளிம்பு, காதுக்கு மேல், பின்மண்டை, மறுபடி காதுக்கு மேல். ஒரு வளையம். நடு மண்டையில் ஒன்றுகூட இல்லை.

முடிவெட்டும் மெஷின் நெற்றி விளிம்புக்குப் போகாது. சீப்பு நடு மண்டையை விட்டுவைக்காது. இந்த வளையம் தலையில் ஏதோ ஒன்றை இறுக்கி வைத்த தடம்.

கதவைத் தள்ளிக்கொண்டு நாடக டீச்சர் வந்தார். "சார், முடிஞ்சுதா? வெள்ளிக்கிழமை நாடகம். இந்த ரூம் இல்லாம நாங்க வராந்தாவுல சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். நாடகச் சண்டைதான்."

"டீச்சர், பிள்ளைங்க தொப்பி மாதிரி எதையாவது மாத்தி மாத்திப் போட்டுக்கறாங்களா?"

"தொப்பியா? இல்லையே." கொஞ்சம் யோசித்தார். "ராணி வேஷத்துக்கு ஒரு விக் இருக்கு. ஆளாளுக்கு ராணியாகணும்னு ஒரே அடம். கடைசியில ஆளுக்கொரு நாள் ராணின்னு வெச்சிட்டேன்."

"பையன்களுமா?"

"அவனுங்களுக்குத்தான் நீள முடி ஆசை ஜாஸ்தி."

ராணிகளின் பட்டியலைக் கொண்டுவந்தார். இருபது பெயர். பதினான்கும் அதில் இருந்தன.

"அந்த விக்கை எடுத்துட்டு வர முடியுமா?"

டீச்சர் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். மூடியில் ஒரு சீட்டைக் கிழித்த வெள்ளைத் தடம். ஒரு மூலை பிய்ந்திருந்தது. பக்கத்தில் நீலக் கயிறு.

அவன் கை மூடிவரை போய் நின்றது.

மருத்துவமனைச் சீட்டு அது. கிழித்தவன் அவன். அந்தக் கயிற்றைக் கட்டியவனும் அவன்தான்.

"யாரு குடுத்தாங்கன்னே தெரியல சார். யாரோ ஆபீஸ்ல வெச்சிட்டுப் போயிருக்காங்க. நிஜ முடி. இவ்வளவு நீளம் எங்க கிடைக்கும்? கிடைச்சப்ப ஒரே தூசி. உங்க பொண்ணுதான் எடுத்துச் சீவிச் சரி பண்ணினா. இப்பவும் தினமும் ரிகர்சலுக்கு முன்னாடி அவதான் சீவி வெக்கிறா. நடிக்கக் கூப்பிட்டா மட்டும் வரமாட்டேங்கறா. ராணி வேஷம் வேண்டாமாம்."

"ஜன்னலை மூடுங்க டீச்சர்," என்றான்.

இருட்டில் பெட்டியைத் திறந்து விளக்கைக் காட்டினான். அவன் மனைவியின் முடி இருட்டாகவே இருந்தது. அதன் உள்வலையில் சிக்கியிருந்த மெல்லிய சின்னச் சின்ன முடிகள் மட்டும் பச்சையாக எரிந்தன. நூற்றுக்கணக்கில். வலையின் விளிம்பு முழுக்க. பூனை முடி.

இனித் தேட ஒன்றும் இல்லை.

அவள் போனபின் அந்தப் பெட்டியை அவனால் அறையில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வீட்டின் பின்னால் ஷெட்டில் கொண்டுபோய் வைத்தான். மூன்று மாதம் அங்கே கிடந்தது. ஒரு நாள் அக்கா வந்து, ஷெட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்றுக்குக் காதில் முடியே இல்லை, பாவமாக இருக்கிறது என்றாள். சரி என்றான். பூனை இடம் மாறிப் போனபின் ஷெட்டுக்குப் போனான். பெட்டி மூலை பிய்ந்திருந்தது. எலி என்று நினைத்தான். கயிற்றைப் போட்டுக் கட்டினான். பள்ளி அலுவலகம் பூட்டும் நேரத்தில் வைத்துவிட்டு வந்தான்.

எந்தக் கடைக்குப் போனாலும் டப்பா டப்பாவாகத் திறக்கச் சொல்கிறவன். அந்த ஒரு பெட்டியை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

பட்டாணியிடம், அது அம்மாவோடயே போயிடுச்சு என்று சொல்லியிருந்தான்.

* * *

பட்டாணி பென்சில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாட்டு அறைக்கு வந்தாள். மேஜையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"உக்காரும்மா."

அவள் தலையில் விளக்கைக் காட்டினான். வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தான். எங்கும் பச்சை இல்லை. விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்தான். அவள் இடது கையை மெல்ல விலக்கினான்.

கன்னத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வட்டம். ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்திருந்தது. படர்தாமரை. பள்ளி முழுக்க இருநூறு தலைகளைக் குனிந்து குனிந்து பார்த்தவன் இந்த ஒரு கன்னத்தைப் பார்க்கவில்லை.

"கொசு இவ்வளவு அழகா வட்டம் போடாதுடா."

அவள் பென்சில் பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தாள்.

"தலையில போட்டுக்கலையா நீ?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"கன்னத்தை வெச்சுப்பியா அதுமேல?"

"சீவி முடிச்சதுக்கப்புறம். கொஞ்ச நேரம்தான்."

"அது யாரோடதுன்னு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. ஒரு மாசம் ஆச்சு. ஒரு பையன் போட்டுக்கிட்டுத் தலையைத் திருப்பினான். அம்மா திரும்பினா விழற மாதிரியே விழுந்துச்சு."

அவன் ஸ்டூலுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"அம்மாவோடயே போயிடுச்சுன்னு சொன்னீங்க," என்றாள்.

"சொன்னேன்."

"போகல."

"போகலடா."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"என்னால அதைப் பார்க்க முடியல."

பட்டாணி அதைக் கொஞ்சம் யோசித்தாள். "என்னால பார்க்காமதான் இருக்க முடியல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியா என்று பார்ப்பவள்போல மெதுவாகச் சொன்னாள்.

வராந்தாவில் யாரோ மரக்கத்தியால் யாரையோ குத்த, யாரோ வேண்டுமென்றே மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் இன்னும் சீக்கிரம் சாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதை என்ன பண்ணுவீங்க?"

பொய் சொல்ல ஒரு வாய்ப்பு. முன்பு ஒன்று சொல்லியாயிற்று.

"எரிக்கணும். அதுலேர்ந்துதான் எல்லாருக்கும் வந்திருக்கு. அது இருக்கிற வரைக்கும் இன்னும் வரும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

சரி என்று தலையாட்டினாள். பென்சில் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அழுவாள் என்று காத்திருந்தான். அழவில்லை. அது அவன் பக்கத்து குணம்.

அக்காவுக்கு போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். டாக்டர் சொன்ன மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தான். விக்கைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டினான். டீச்சர் கேட்டார்: "யாரு சார் இதை வெச்சிட்டுப் போனது? கண்டுபிடிக்க முடியுமா?"

"கண்டுபிடிச்சாச்சு டீச்சர். நான்தான்."

அவர் சிரிக்க வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

* * *

சலூன் மாஸ்டர் பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வேறு எங்கே போவது என்று தெரியாதவர்போல ஒன்பது மணிக்கு வந்து ஆறு மணிவரை அங்கேயே இருப்பதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

அவன் சீலைக் கிழித்தான். பூட்டைத் திறந்தான். மாஸ்டர் உள்ளே போய் முதலில் கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்க கடையில எதுவும் இல்ல மாஸ்டர். தப்பு என்மேல."

"பரவாயில்ல சார். நீங்க உங்க வேலையைச் செஞ்சீங்க."

"செய்யல. அதான் விஷயம்."

பையை நாற்காலிமேல் வைத்தான். பிளாஸ்டிக் வழியாக நிறம் தெரிந்தது. மாஸ்டர் துடைப்பதை நிறுத்தினார்.

"இது நான் கட்டினதுதானே?"

"ஆமா."

மனைவிக்குச் சிகிச்சை தொடங்கும் முன், முடி உதிரும் முன், மாஸ்டர் வீட்டுக்கு வந்து வெட்டினார். மூன்று பாகமாகப் பிரித்துக் கட்டி, நுனியைச் சமமாக்கி. வெட்டியதை எறியாதீங்க மாஸ்டர், என் தலையிலயே திருப்பி வெச்சிடுங்க, யாருக்கும் தெரியாது என்று அவள் சிரித்தாள். அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல் மாஸ்டர் இருபது நாள் உட்கார்ந்து வலையில் முடிச்சு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்தார். மூன்று மாதம்தான் போட்டுக்கொண்டாள்.

அவன் நடந்ததைச் சொன்னான். ஷெட், பூனை, கயிறு, நாடகம்.

"ரிப்போர்ட்ல எழுதணுமா சார்?"

"இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள."

"என் பேரை எடுக்கிறதுக்கு உங்க வீட்டம்மா பேரை எழுதணுமா?"

"என் பேரை எழுதறேன்."

மாஸ்டர் பையின்மேல் கையை வைத்தார். கட்டை அவிழ்க்கவில்லை. "வெந்நீர்ல, மருந்துல போட்டு எடுத்தா..." என்று ஆரம்பித்தார்.

"முடி தாங்குமா?"

கையைப் பையிலிருந்து எடுத்தார். "தாங்காது. கஞ்சியாயிடும்."

அப்புறம் நாற்காலியைத் தட்டிவிட்டார். "உக்காருங்க சார். காதுமேல எல்லாம் வளர்ந்து கிடக்கு. நீங்க உக்காந்தா வெளிய நாலு பேர் பார்ப்பாங்க. அது உங்க சீலைவிட நல்லா வேலை செய்யும்."

உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். மாஸ்டர் துண்டைப் போர்த்தினார். பை அதற்குள் மறைந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரோ அவன் தலையைத் தொட்டார்கள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடினான். தெருவில் இரண்டு செருப்புச் சத்தம் நின்று, பார்த்துவிட்டு, நகர்ந்தன.

* * *

அலுவலகத்தில் ஜன்னல் பக்க மேஜை அவனுடையது. நாலரை மணி. படிவத்தை எடுத்து வைத்தான்.

தொற்றின் மூலம்: விக்.

மூலத்தின் உரிமையாளர்: தன் பெயர், தன் பதவி, தன் வீட்டு முகவரி. ஒரே மூச்சில் எழுதினான்.

தொற்று பரவிய விதம்: பத்து வரி. பெட்டியைத் திறந்து பார்க்காதது தன் கவனக்குறைவு என்ற பதினோராவது வரியையும் சேர்த்தான். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். சீழ் கட்டிய சிறுமியின் வீட்டுக்கும் நாளை போக வேண்டும். கையில் எதுவும் கொண்டுபோக முடியாது.

அடுத்த கட்டம்: அழிக்கப்படும் பொருளின் விவரம். நிறம், நீளம், நிலை.

கையுறை போட்டுக்கொண்டான். பையைப் பிரித்தான். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் முடியைக் கிடத்தினான். மருத்துவமனை வாடையோ சோப்பு வாடையோ எதுவும் இல்லை. அட்டை வாடைதான். நிறம் என்ற இடத்தில் கறுப்பு என்று எழுதி, அடித்துவிட்டுக் கரும்பழுப்பு என்று எழுதினான். வெயிலில் பார்த்தால் அதுதான் சரி.

அளவு நாடாவை வலையிலிருந்து நுனிவரை ஓட்டினான். எழுபத்திரண்டு சென்டிமீட்டர். வலப்பக்கம் எழுபத்திரண்டு. பின்னால் எழுபத்திரண்டு. மாஸ்டர் சமமாக வெட்டுவார்.

இடப்பக்கம் விரல் எங்கோ இறங்கியது.

காதுக்குப் பின்னால், மேல்முடியை விலக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில், கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கற்றை இல்லை. வலையோடு ஒட்ட வெட்டியிருந்தது. வெட்டு நேராக, புதிதாக இருந்தது. நல்ல கத்தரிக்கோல். தையல் கத்தரிக்கோல்.

எல்லாத்தையுமா, என்று பட்டாணி கேட்டது இப்போது மறுபடி காதில் ஒலித்தது. நெஞ்சோடு இறுக்கிய பென்சில் பெட்டியும் தெரிந்தது.

படிவத்தில் ஒரே ஒரு வரி பாக்கி. பொருள் முழுமையாக அழிக்கப்பட்டதா? ஆம், இல்லை. ஒன்றை அடிக்க வேண்டும்.

போன் அடித்தது.

"டேய்," என்றாள் அக்கா. குரலில் கேலி இல்லை. "பட்டாணி ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. வந்ததுலேர்ந்து திறக்கல. மருந்து போடணும், கதவைத் தட்டட்டுமா?"

"தட்டாத."

"உள்ள என்னடா பண்றா?"

அவனுக்குத் தெரியும். அந்தக் கற்றைமேல் இடது கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள்.

"தட்டாதக்கா. நான் வர்றேன்," என்றான்.

முடியைப் பையில் போட்டுக் கட்டிவிட்டுப் பேனாவை மூடினான். அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டுப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மருந்து ட்யூபையும், பெட்டியிலிருந்து பட்டாணியின் கைக்கு ஏற்ற ஒரு ஜோடி சின்னக் கையுறையையும் எடுத்துக்கொண்டான்.